திங்கட்கிழமைகளில் பூட்டு

ஆறாம் வகுப்பில் எனக்கு நேர்ந்த அவமானத்துக்கு முழுப் பொறுப்பும் என் மாமாதான் என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. தொண்ணூறுகளின் நடுவில், கொப்பன்ஹேகன், ஸ்ரொக்ஹோம், ஒஸ்லோ என்று மூன்று ஊர்களையும் சுற்றிவிட்டு ரொறன்ரோவுக்கு வந்து, ரெக்ஸ்டேலில் எங்கள் ஒன்பதாம் மாடி வீட்டுச் சோபாவில் குடியேறினார். வந்த நாளிலிருந்து அவர் வாயில் மியூசியம்தான். வீட்டு யன்னலால் தூரத்தில் தெரியும் ரொறன்ரோக் கோபுரத்தைக் காட்டினால், "ஓம், வடிவுதான். ஆனால் ஒஸ்லோவிலை ஒரு மியூசியம் இருக்கு..." என்று தொடங்குவார். அப்பா பத்திரிகையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார். நானோ வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த வயதில் எனக்குத் தெரிந்த உலகம் பள்ளிக்கூடம், கோயில், மளிகைக்கடை, அவ்வளவுதான்.

அந்தத் தை மாதம் வகுப்பில் ஒரு வேலை தந்தார்கள். ஆளுக்கொரு இடம் எடுத்து, பயணிகளுக்கு அங்கே என்னென்ன பார்க்கலாம் என்று ஒரு கைநூல் செய்து, வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் வாசிக்கவேண்டும். தவணை அறிக்கையில் அதற்குப் புள்ளி உண்டு. பாரிஸ், ரோம் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டன. நான் கையைத் தூக்கி மாமாவின் மூன்று ஊர்களையும் கேட்டேன். பள்ளி நூலகத்தில் அந்தப் பக்கத்து நாடுகளைப் பற்றி இருந்தது ஒரேயொரு புத்தகம். டீச்சர் அதை என்னிடம் நீட்டினார். வாங்கியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "எனக்குப் புத்தகம் தேவையில்லை. என் மாமா எல்லாவற்றையும் நேரிலே பார்த்தவர்" என்றேன். பக்கத்து மேசைக்காரி அந்த நாடுகளின் பழைய கடலோடிகளைப் பற்றி எழுதுவதாக இருந்தாள். அவள் அந்தப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனது இன்றும் கண்ணில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமாவைச் சமையலறை மேசையில் இருத்தினேன். அவர் முகம் கழுவி, சேர்ட்டின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அம்மா பக்கத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் கொப்பியைத் திறந்து, முதலில் ஸ்ரொக்ஹோம் என்றேன்.

"அங்கை ஒரு கப்பல் இருக்கு பிள்ளை. கடலுக்கை தாண்டு, முந்நூறு வருசத்துக்குப் பிறகு வெளியிலை எடுத்தது. முழுக்கப்பல்."

புல்லரித்தது. எழுதினேன். எவ்வளவு நீளம், எந்த ராசா கட்டினவர், ஏன் மூழ்கினது என்று அடுக்கினேன். மாமா யோசித்தார்.

"அதெல்லாம் எழுதிப் போட்டிருக்கினம். நான் வாசிக்கேல்லை. ஆனால் ஒண்டு, உள்ளுக்கை குளிர். மரத்துக்குச் சூடு ஆகாதாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேலை இருக்கேலாது. போறவையளைக் கோட்டைக் கழட்டவேண்டாம் எண்டு எழுது."

சரி, போகட்டும் என்று ஒஸ்லோவுக்குத் தாவினேன். ஓவியக்கூடம் ஒன்றில் உலகமே தேடிவந்து பார்க்கும் ஒரு படம் இருக்கிறதாம். அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அந்த அறைக்குள் சனம் அதிகம், நிம்மதியாக இருக்கமுடியாது என்றார். அதற்கு இரண்டு அறை தள்ளி மாடுகள் மேய்கிற படம் ஒன்று. அங்கே ஒருவரும் வருவதில்லை. உட்காருகிற வாங்கில் மெத்தை போட்டிருக்கிறது, சுவரோடு சூட்டுக் குழாய் போகிறது, காலை நீட்டினால் சரியாகக் குழாயில் முட்டும். மாட்டுக்கு என்ன நிறம் என்று கேட்டால் மனுசனுக்குத் தெரியாது.

கொப்பன்ஹேகன் வந்ததும் மாமாவின் முகமே மாறியது. சிலைகள் வைத்த ஒரு பெரிய கட்டடம், அதன் நடுவில் கண்ணாடிக் கூரை. கூரைக்குமேல் பனி கொட்டிக்கொண்டிருக்கும், கீழே நிலத்தில் பனைமாதிரி மரங்கள் நிற்கும். "எங்கடை ஊர்ச் சூடு பிள்ளை. கண்ணை மூடினால் வேர்க்கும். புதன்கிழமை டிக்கட் இல்லை, சும்மா போகலாம்." சிலைகள் யாருடையவை என்று கேட்டேன். தலை இல்லாத ஆட்கள் என்றார். அதற்குமேல் ஒன்றுமில்லை.

எனக்கு அழுகை வந்தது. யானைப் பசியோடு போனவளுக்குச் சோளப்பொரிகூடக் கிடைக்கவில்லை. மனுசனுக்குத் தெரிந்ததெல்லாம் எந்த மியூசியம் எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனைக்குப் பூட்டும், எதில் கழிப்பறை கீழ்த்தளத்தில், எதில் காவலுக்கு நிற்கிறவர்கள் நல்லவர்கள் என்பதுதான். இவற்றை மட்டும் கேட்காமலே ஒப்பித்தார். "திங்கட்கிழமை எல்லாம் பூட்டு. அதைப் பெரிசா எழுது. திங்கட்கிழமைதான் கரைச்சல்" என்றார்.

அம்மாவின் கத்தி நின்றது. "காணும் தம்பி. அவளை விடு" என்றார்.

வேறு வழியில்லாமல் இருந்ததை வைத்துக் கைநூலை முடித்தேன். திங்கட்கிழமைகளில் பூட்டு என்று சிவப்பு மையால் எழுதி இரண்டு கோடும் இழுத்தேன். பக்கம் நிரம்பவேண்டுமே.

வெள்ளிக்கிழமை வகுப்பில் நான் வாங்குகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோதே சிரிப்பு கிளம்பிவிட்டது. சூட்டுக் குழாய்க்கு வந்தபோது பின்வரிசை மேசையில் தட்டியது. புத்தகக்காரி கையை உயர்த்தி, அந்தக் கப்பல் எவ்வளவு நீளம் என்று கேட்டாள். புத்தகம் அவள் மடியிலேயே இருந்தது! எனக்குத் தெரியாது, ஆனால் அங்கே குளிரும் என்றேன். அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் யார் காதிலும் விழவில்லை. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. மாமா அங்கே போனது பனிக்காலத்திலா என்று கேட்டார். ஆம் என்றேன். கைநூலை மெதுவாகப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் ஏதோ எழுதித் தந்தார். உன் மாமா இந்த இடங்களில் நிறைய நேரம் இருந்திருக்கிறார் என்று எழுதியிருந்தது. குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். புள்ளி குறைந்துதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மாமாமேல் பாய்ந்தேன். "நீங்கள் ஒண்டையும் பார்க்கேல்லை. கதிரையளை மட்டும்தான் பார்த்திருக்கிறியள். என்ர மானம் போச்சு!"

மாமா கைநூலை வாங்கிப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். "ஓம் பிள்ளை, நான் ஒண்டையும் வடிவாப் பார்க்கேல்லை" என்றார். பிறகு, "நாளைக்குச் சனிக்கிழமை. இங்கத்தை மியூசியத்துக்குப் போவம். இந்தமுறை பார்ப்பம்" என்றார்.

பஸ் எடுத்து, சப்வே எடுத்து, நகரத்துப் பெரிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே எனக்குப் பொறுமை முற்றாகப் போய்விட்டது. ராட்சத எலும்புக்கூடுகள் நின்ற மண்டபத்துக்குள் நுழைந்ததும் மாமா எலும்பைப் பார்க்கவில்லை, வாங்கைத் தேடினார். கண்டுபிடித்துச் சுவர்ப்பக்கமாக உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றவில்லை. முதுகை நிமிர்த்தி, வழிகாட்டித் தாளை மடியில் விரித்து, வாசிக்கிறமாதிரி வைத்துக்கொண்டார். தாள் தலைகீழாக இருந்தது. சீருடைக்காரர் ஒருவர் அந்தப் பக்கம் நடந்து வந்தார். மாமா சட்டென்று எழுந்து, கண்ணாடிப் பெட்டி ஒன்றின் முன்னால் போய் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். சீருடைக்காரர் போனதும் திரும்பி வந்து இருந்தார். மறுபடி அவர் வந்தார். மறுபடி மாமா எழுந்தார்.

"டிக்கட் எடுத்தனாங்கள்தானே மாமா? ஏன் எழும்புறியள்?" என்று சீறினேன்.

"ஓம், எடுத்தனாங்கள்" என்றார், அப்போதுதான் ஞாபகம் வந்தவர்போல. ஆனால் சீருடையைக் கண்டதும் கால் தானாக எழுந்தது. அன்று ஐந்து தரம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒவ்வொன்றாக நடித்துக் காட்டினேன், தலையாட்டல் உட்பட. எதற்கும் சிரித்துவிடுகிற அம்மா சிரிக்கவில்லை. மாமாவுக்குத் தேத்தண்ணி போட எழுந்து போனார். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

நான் பல்கலைக்கழகம் போன பிறகுதான் அம்மா சொன்னார். மாமா ஒரு நாட்டில் அகதி அந்தஸ்துக் கேட்டு, அவர்கள் மறுக்க, அடுத்த நாட்டுக்குப் போய், அங்கேயும் மறுக்க, மூன்றாவதுக்குப் போனவர். வேலை செய்ய அனுமதி கிடையாது. தங்கின அறைகளில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். இரவு வேலைக்காரர் காலையில் வந்து படுத்தால் மாமா வெளியே போய்விடவேண்டும், இருட்டின பிறகுதான் திரும்பலாம். அந்தப் பனியில் பகல் முழுக்கச் சூட்டோடு இருக்கக்கூடிய இடம் மியூசியம்தான். அங்கே தூங்கினால் எழுப்பி வெளியே விட்டுவிடுவார்கள் என்பதால், பார்க்க வந்தவர்போல இருக்கப் பழகினாராம்.

மாமா இப்போது ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் பெரிய வீட்டில் இருக்கிறார். அந்த வீட்டில் அறைக்கொரு சோபா. மாமி சண்டை பிடித்துப் பார்த்துக் களைத்துவிட்டார். போன மாசியில் வேலை விஷயமாக நான் கொப்பன்ஹேகன் போனேன். பெட்டியை ஹோட்டலில் போட்டுவிட்டு நேரே அந்தப் பனைமரங்களைத் தேடி நடந்தேன். கதவு பூட்டியிருந்தது. படியில் பத்து நிமிடம் நின்றிருப்பேன். கடற்காற்றில் விரல்கள் மரத்துவிட்டன. ஹோட்டலுக்கு ஓடிவந்து மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இண்டைக்குத் திங்கட்கிழமையெல்லோ பிள்ளை! நீதானே சிவப்பாலை எழுதினனீ?"

நானும் சிரித்தேன். திங்கட்கிழமைகளில் நீங்கள் எங்கே போனீர்கள் என்று கேட்க நினைத்தேன், விட்பியில் பனி கொட்டுகிறதா என்று மட்டும் கேட்டேன். அன்று அந்தச் சமையலறை மேசையில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கப்பலின் நீளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.