நாலு கண் விதி

ஜெர்மனியின் பான் நகரத்து அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த வேலை, சொல்லப்போனால் சின்ன விஷயம்தான். வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் சி.ஆர்.எம். மென்பொருளுக்கும் மெட்டாடேட்டா கருவி ஒன்றுக்கும் நடுவே பாதுகாப்பான இணைப்புப் போட வேண்டும். அந்தக் கருவி யாருடைய பெயரையும் முகவரியையும் படிக்காது. எந்தப் பெட்டியில் என்ன வகைத் தகவல் இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். அரிசி டப்பாவின் மேல் ஒட்டிய 'அரிசி' என்ற சீட்டைப் படிப்பதோடு சரி. அந்தச் சீட்டுக்குத்தான் அத்தனை காவல்!

திருச்சியில் என் மனைவிக்கு மாதம் நெருங்கியிருந்தது. இணைப்பு வேலை செய்த மறுநாளே ஊருக்குக் கிளம்பலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். தலைப்பிள்ளை. அதன் முகத்தை மற்ற எல்லோருக்கும் முன்னால் நான்தான் பார்ப்பேன் என்று வீறாப்பாகச் சொல்லிவைத்திருந்தேன்.

குறுக்கே நின்றது நாலு கண் விதி. முக்கியமான எதையும் ஒருவர் தனியாகச் செய்யக் கூடாது, இருவர் வேண்டும் என்பது எங்கள் பாதுகாப்பு அதிகாரியின் வேதம். நல்ல மனிதர், ஜெர்மானியர். இணைப்பின் பாஸ்வேர்டில் முதல் பாதி அவருக்கு மட்டும் தெரியும். மறுபாதி, அவருக்குத் துணையாக நியமிக்கப்பட்ட யாழ்ப்பாணத்து அண்ணைக்கு மட்டும். இணைப்பைப் போட வேண்டிய எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. என் கணினியில் அதிகாரி தட்டும்போது நாங்கள் ஜன்னல் வழியே ரைன் நதியைப் பார்ப்போம். அண்ணை தட்டும்போது அதிகாரியும் நானும் ரைனைப் பார்ப்போம். பிறகு மூவருமாகத் திரையைப் பார்ப்போம். 'இணைப்பு மறுக்கப்பட்டது.'

இப்படியே ரைனை மனப்பாடம் செய்தோம்.

"ஏங்க, ரெண்டு மிஷினைப் பேச வைக்க அந்த ஊர்ல வேற ஆளே இல்லையா?" என்று போனில் மனைவி கேட்டாள்.

ஒருநாள் ஜெர்மன் மொழியில் மடல் எழுதுவதற்காக, வழக்கத்துக்கு மாறாக விசைகளைப் பார்த்துத் தட்டினேன். விசையில் அச்சிட்டிருந்தது ஒன்று, திரையில் வந்தது வேறொன்று. எனக்கு முன் அந்த மேசையில் இருந்த சென்னைக்காரர் கணினியை ஆங்கில விசைமுறைக்கு மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். எந்த நாட்டுக்குப் போனாலும் நம் ஆட்கள் செய்கிற முதல் காரியம். பாவம், அதிகாரி விசையைப் பார்த்து ஒழுங்காகத்தான் தட்டியிருக்கிறார். கேள்விக்குறி போன்றவை இடம் மாறி விழுந்தது, பாஸ்வேர்ட் வெறும் புள்ளிகளாகத் தெரியும் திரையில் யார் கண்ணுக்கும் படவில்லை.

தலைகால் புரியாமல் அவரிடம் ஓடினேன். "உங்கள் பாதியில் கேள்விக்குறி மாதிரி ஏதாவது இருக்கிறதா?"

அவர் முகம் வெளுத்தது. "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவ்வளவுதான். பாஸ்வேர்ட் வெளியே கசிந்துவிட்டதாக முடிவானது. புதிய பாஸ்வேர்ட் வேண்டும். அதற்கு அனுமதி தர வேண்டியவர் விடுமுறையில் மயோர்க்காத் தீவில் இருந்தார்.

"ஐயோ தம்பி, வாயைத் திறக்காமல் கீபோட் செற்றிங்கை மாத்திப்போட்டு, திரும்ப அடியுங்கோ எண்டு சொல்லியிருக்கலாமே!" என்று அண்ணை தலையில் கைவைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மயோர்க்கா மனிதர் திரும்புவதற்குள் திருச்சியிலிருந்து போன் வந்தது. பெண் குழந்தை, இருவரும் சுகம். படத்தை பிரவுசிங் சென்டரிலிருந்து அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பியிருப்பதாக மைத்துனர் சொன்னார். பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். காணோம்.

மத்தியானம் அதிகாரியும் அண்ணையும் என் மேசைக்குச் சேர்ந்து வந்தார்கள். வெளியிலிருந்து வந்த படம் என்பதால் கணினி அதைத் தடுத்து வைத்திருந்ததாம். விதிப்படி இருவரும் திறந்து பரிசோதித்து, ஆபத்தில்லை என்று விடுவித்துவிட்டார்களாம்.

"நிறைய முடி!" என்று அதிகாரி முகமெல்லாம் சிரிப்பாகக் கைகொடுத்தார்.

"ஓம் தம்பி, பிள்ளை உங்களை உரிச்சு வச்சிருக்கு" என்றார் அண்ணை. "இனி நீங்களும் பாக்கலாம்."