உரிகத்தில் ஏறி கோரமண்டலில் இறங்கும் பேச்சு

எங்கள் கம்ப்யூட்டர் சங்கத்தில் யார் பேசுவது, எதைப் பற்றிப் பேசுவது என்று திட்டம் போடுகிற வேலை என்னுடையது. யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் கூட்டத்தில் "யாராச்சும் எழுதிக்குங்க" என்று ஒருவர் சொன்னபோது என் கையில் பேனா இருந்தது. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரின் நந்திதுர்க் பகுதியில், புத்த விகாரையை ஒட்டிய ஹாலில் கூடுவோம். பாதிப் பேர் என்னையும் என் வீட்டுக்காரரையும் போல விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் இங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ஒரு கூட்டத்துக்கு மூன்று குட்டிப் பேச்சு, ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம் என்பது ஏற்பாடு. சாயங்காலம் விகாரையில் வந்தனை ஆரம்பிப்பதற்குள் ஹாலைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது பேச்சு எப்போதும் என்னுடையது. அது நடந்ததே இல்லை. முதல் இரண்டு பேரும் இருக்கிற நேரத்தையெல்லாம் தின்று ஏப்பம் விட்டுவிடுவார்கள். நான் எழுந்திருக்கும்போது சாவிக்காரர் வாசலில் வந்து நிற்பார். "உன்னுது அடுத்த மாசம் வச்சுக்கலாம்மா" என்பார்கள். எத்தனை அடுத்த மாசம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பேச்சை நான் தூக்கத்தில் உளறுவதாக வீட்டுக்காரர் சொன்னார். ஒருத்தராவது கேட்டாரே என்று சந்தோஷப்பட்டேன்.

இந்த முறை விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். ஐந்து நிமிஷம் என்றால் இவர்களுக்குப் புரியாது, ரயில் என்றால் புரியும். நாங்கள் ஏறுகிற உரிகத்தில் வண்டி கிளம்பியதும் பேச ஆரம்பிக்க வேண்டும், அடுத்த ஸ்டேஷன் கோரமண்டல் வந்ததும் வாயை மூட வேண்டும். இதுதான் புது விதி. ஒத்திகையும் ரயிலிலேயே.

முதல் பேச்சாளர் எங்கள் எதிர் சீட்டுக்காரர். ஸ்ப்ரெட்ஷீட்டில் கட்டங்களுக்குக் கலர் போடுவது எப்படி என்பது அவர் தலைப்பு. சீக்கிரமே கச்சிதமாகிவிட்டார். வண்டி கோரமண்டலில் பிரேக் போடும்போது சரியாக "நன்றி" என்பார்.

பாஸ்வேர்டு பற்றிப் பேச வேண்டிய பெரியவர்தான் படுத்தியெடுத்தார். ஓய்வு பெற்றவருக்கு ரயிலில் என்ன வேலை? ஒத்திகைக்கென்றே தலையில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு இருட்டோடு வந்து ஏறினார். "பாஸ்வேர்டுன்னா இன்னா? நாங்க அந்தக் காலத்துல ஷாஃப்ட்டுக்குப் போனா..." என்று ஆரம்பித்து, சுரங்கக் குழிக்குள் ஆட்களை இறக்குகிற கேஜில் ஏறி, ஒவ்வொரு லெவலாக எங்களைக் கீழே கூட்டிக்கொண்டு போனார். கோரமண்டல் வந்தது, போனது.

"அண்ணா, உங்க ஸ்டேஷன் போயிடுச்சு."

"ஸ்வல்ப பொறும்மா, இன்னும் பாஸ்வேர்டே வரல."

பங்காரப்பேட்டையில் கையைப் பிடித்து இறக்கிவிட்டோம். பிளாட்பாரத்தில் நின்று ஜன்னல் வழியாக மீதியைச் சொன்னார். வண்டி நகர்ந்ததும் கூடவே நடந்தார். ஆனால் ரோஷக்காரர். மறுபடி மறுபடி வந்து, கடைசியில் கோரமண்டலில் பேச்சை முடித்து இறங்கவும் பழகிக்கொண்டார். இறங்கி, டீ குடித்துவிட்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போவாராம்.

கூட்டத்தன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். கலர்காரர் எழுந்தார். ரயிலில் கத்திப் பழகிய குரல், அந்தச் சின்ன ஹாலில் காது கிழிந்தது. ஒரு கை தலைக்கு மேலே இல்லாத கம்பியைப் பிடித்திருந்தது. நன்றாகத்தான் பேசினார், ஆனால் நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே ஜன்னலைப் பார்க்கிறார், ஸ்டேஷனைக் காணோம். மனுஷன் என்ன செய்வார்? சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று எல்லாக் கலரையும் போட்டு முடித்து, மறுபடி சிவப்புக்கு வந்துவிட்டார். ஹால் நகராது என்பதை இத்தனை திட்டம் போட்ட நான் யோசிக்கவே இல்லை.

ஒரு வழியாகத் தொண்டை கட்டி அவர் உட்கார்ந்தார். பெரியவர் மேடை ஏறி நேராக ஷாஃப்ட்டுக்குள் இறங்கினார். வெளியே சாவிக்காரரின் செருப்புச் சத்தம் கேட்டது. இந்த மாசமும் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுவதற்குப் பதிலாக எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"கோரமண்டல்!"

பெரியவர் பாதிச் சொல்லில் நிறுத்தி, மஃப்ளரை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் திரும்பி வரும்போது கோரமண்டலிலேயே எழுந்து வாசலுக்குப் போனால்தான் ரயில் கும்பலில் உரிகத்தில் இறங்க முடியும். அந்தப் பழக்கத்தில் பாதி ஹால் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், கண்ணைத் திறக்காமலே யாருடைய குடையையோ எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் முந்திப் போய் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரே நெரிசல். சாவிக்காரர் உள்ளே வர முடியாமல் வெளியே நின்று "ஏங்க, வழி விடுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

இதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்காது. மேடையேறிவிட்டேன்.

"தினம் காலையில எல்லாருக்கும் ரோஜாப்பூ படம் போட்டு குட்மார்னிங் அனுப்பறவங்க கை தூக்குங்க."

வாசலில் எல்லாக் கைகளும் உயர்ந்தன. பெருமையோடு.

"உங்களாலதான் என் போன்ல இடமே இல்ல. அதையெல்லாம் ஒட்டுமொத்தமா எப்படி அழிக்கறதுன்னு சொல்லித் தரப் போறேன்."

சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். சாவிக்காரரும் தன் போனை எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். சொன்னேன், சொன்னேன், சொல்லிக்கொண்டே இருந்தேன்.

முன்வரிசையிலிருந்து பெரியவர் பழிவாங்குகிற குரலில் கத்தினார்: "கோரமண்டல்!"

என் வீட்டுக்காரர் குடையோடு பாதி எழுந்துவிட்டார்.

"உக்காருங்க" என்றேன். "இது எக்ஸ்பிரஸ். கோரமண்டல்ல நிக்காது."