தெர்மாமீட்டரில் ஏறாத காய்ச்சல்

பேரனுக்குச் சளி பிடித்தது. இரண்டு நாள் மூக்கை உறிஞ்சிவிட்டுப் பள்ளிக்கு ஓடிவிட்டான். மருமகளுக்குத் தொற்றியது. அவளும் தும்மிக்கொண்டே பனியன் கம்பெனிக்குத் தைக்கப் போய்வந்தாள். எனக்கு இருமல் வந்தபோது மட்டும் அதைச் சளி என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. கம்பெனியிலேயே தலை நரைத்தவன் நான். எங்களுக்கு எந்த இருமலும் பஞ்சுத் தூசிதான், அதற்கு வெல்லம்தான் மருந்து. சர்க்கரை நோயாளி என்பதை வசதியாக மறந்துவிட்டு, ஒரு கட்டி வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டேன். வேலையை விட்டுப் பல வருஷமான பிறகு தூசி எங்கிருந்து வரும் என்று யோசிக்கவே இல்லை.

"உங்களுக்கு மூச்சு வாங்குதுங்க மாமா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தரலாமுங்க" என்றாள் மருமகள்.

தெர்மாமீட்டரை அவளிடம் நீட்டினேன். "காச்சலே இல்ல கண்ணு. நீ வேலையப் பாரு."

சோறு இறங்கவில்லை, நடக்கத் தெம்பில்லை. அடுத்து நடந்ததை மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காலையில் வேலைக்குக் கிளம்பியவளை வாசலில் மறித்திருக்கிறேன். சூப்பர்வைசராகக் கம்பெனி கேட்டில் நின்று பெண்களின் பையைச் சோதித்த காலத்துக்குப் புத்தி போய்விட்டது போல. அவள் பையைப் பிடுங்கிக் கொட்டி, "பனியன் பீசத் திருடிட்டுப் போறயா புள்ள" என்று கத்தினேனாம். டிபன் பாக்ஸ் உருண்டு ஓடியதாம். அக்கம்பக்கத்து வீடெல்லாம் வேடிக்கை பார்த்ததாம்.

அவளும் மகனும்தான் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நிமோனியா. வயதானால் உடம்பு கிருமியை எதிர்க்க மெதுவாகத்தான் கிளம்பும், காய்ச்சல் ஏறாமலே நுரையீரல் கெட்டுவிடும், சளியை இருமித் துப்பவும் பலம் இருக்காது, சர்க்கரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம் என்றார் டாக்டர். ஆக்ஸிஜன் குறைந்ததால்தான் புத்தி தடுமாறியதாம். அதைக் கேட்டு மகனுக்கு நிம்மதி. எனக்கு இல்லை. நோய் புதிதாக எந்தச் சொல்லையும் உண்டாக்கவில்லையே. அத்தனையும் என் வாயில் ஏற்கெனவே இருந்தவைதானே. வெட்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். லீவு போட்டுவிட்டு அவள்தான் கூட இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "மன்னிச்சுக்க கண்ணு" என்றேன்.

"நீங்களா சொன்னீங்க மாமா? சீக்கு சொல்லுச்சுங்க" என்றாள்.

அவள் அப்படிச் சொல்லி மாதக்கணக்காகிறது. என் அறையில் இருக்கும் பீரோவை முன்பெல்லாம் கேட்காமல்தான் திறப்பாள். இப்போது எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கக்கூடக் கதவருகே நின்று, "பீரோவத் தொறக்கட்டுங்களா மாமா?" என்று கேட்கிறாள்.