மண்ணூரில் நிற்காத வேன்

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் வேலையை விட்டுப் போகும்போது ஒரு புரோகிராமை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஒவ்வொரு வேனிலும் யார் யார் ஏற வேண்டும் என்று டிரைவரின் போனுக்கு அனுப்புவது அதன் வேலை. பிஎல்எஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மொழியில் எழுதியது. ஓடுகிறவரைக்கும் ஓடட்டும் என்று நானும் அதைத் தொடாமல்தான் இருந்தேன்.

ஒரு நாள் அசெம்பிளி லைனில் கான்ட்ராக்டில் வேலை செய்யும் பெண் ஒருவர் என் மேசைக்கே வந்து நின்றார். மண்ணூர்க்காரர். புதிதாகச் சேர்ந்தவர்.

"சார், எங்க ஸ்டாப்புல வண்டி நிக்காமயே போவுது. போன்ல பேரு இல்லாத ஆள ஏத்துனா மெமோ குடுப்பாங்களாம், டிரைவர் சொல்றாரு. ஷேர் ஆட்டோ புட்ச்சி வர்றதுக்குள்ள லேட்டாயிடுது. இன்னொரு தபா லேட்டானா வேலைக்கே வராதன்னுட்டாரு சூப்பர்வைசர்."

"பாக்குறேம்மா" என்றேன்.

பார்த்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்த வேனுக்கு ஏழு பேர். பெயர்களை வைத்திருக்கும் கலெக்‌ஷனில் எத்தனை பேர் என்று கேட்டால் ஏழு என்றது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும் லூப்பும் ஒன்றிலிருந்து ஏழுவரை ஒழுங்காகச் சுற்றியது. டிரைவருக்குப் போனதோ ஆறு பெயர். எரர் எதுவும் இல்லை. ஏழு பேரை ஏழு தடவை கூப்பிட்டால் ஆறு பேர் எப்படி வருவார்கள்? டீ குடித்துவிட்டு வந்து மறுபடி ஓட்டினேன். அப்போதும் ஆறு. எனக்கு எண்ணத் தெரியுமா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூர் வேனில் ஏறினேன். எங்கள் வேன்களில் ஒரு பழக்கம் உண்டு. வேலையை விட்டுப் போனவரின் சீட்டில் கொஞ்ச நாள் யாரும் உட்கார மாட்டார்கள். பின்னால் இருப்பவர்கள் முன்னால் நகரவும் மாட்டார்கள். அவரவர் இடம் அவரவருக்கு. அப்படிக் காலியாகக் கிடந்த சீட்டில் பையை வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

மண்ணூர் வேனின் பட்டியலில் முதலில் எட்டுப் பேர் இருந்திருக்கிறார்கள். ஐந்தாமவர் வேலையை விட்டதும் அவரை நீக்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் முன்னால் நகரவில்லை. ஐந்தாம் இடம் அப்படியே காலி. லூப் அங்கே முட்டியிருக்கிறது. எரர் வந்தால் கண்டுகொள்ளாதே என்று எனக்கு முன்னால் இருந்த புண்ணியவான் எழுதி வைத்திருந்ததால், சத்தமில்லாமல் தாண்டி, மொத்தம் ஏழு பேர்தானே என்று ஏழாம் இடத்தோடு நின்றுவிட்டது. மண்ணூர்ப் பெண் எட்டாம் இடத்தில் இருந்தார்.

மறுநாள் போனதும் முதல் வேலையாக அதை மாற்றினேன். எத்தனை பேர் என்று கேட்பதை விட்டுவிட்டு, முதல் ஆள் யார், அவருக்கு அடுத்து யார், அவருக்கு அடுத்து யார் என்று ஆள் தீரும்வரை கேட்கச் சொன்னேன். ஏழு பெயரும் வந்தன. சந்தோஷம் தாங்காமல் லைனுக்கே ஓடினேன்.

"அந்தப் பொண்ணா? இன்னிக்கும் லேட்டு சார். கேட்லயே திருப்பி அனுப்சிட்டோம்" என்றார் சூப்பர்வைசர்.

"தப்பு அவங்க மேல இல்ல, புரோகிராம் மேல."

"அத்த நேத்தே சொல்லியிருக்கணும் சார். கான்ட்ராக்டர் வேற ஆள அனுப்சிட்டாரு. நான் இன்னா பண்றது?"

மத்தியானம் அந்தப் பெண்ணை வேன் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லி மெயில் வந்தது. எடுத்தேன். ஓட்டிப் பார்த்தேன். ஆறு பெயர் போனது. நேற்றுப் போன அதே ஆறு பெயர். இன்றைக்கு அது சரியாம்.