கார் சூடாகாமல் புத்தளம் போன நாள்

எண்ட பொஞ்சாதிக்கு ரெண்டு கிட்னியும் ஏலாமப் போனதுக்குப் பொறகு, எங்கட ஊர் எத்தாளையிலிருந்து புத்தளம் வரைக்கும் நான் ரோட்டப் பாத்து ஓட்டினதவிட காரிட எஞ்சின் சூட்டக் காட்டுற முள்ளப் பாத்து ஓட்டினதுதான் கூட. கிழமைக்கு ரெண்டு தரம் டவுன் ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்ற மெசின்ல அவ படுக்கணும். ஒரு தரம் தவறினா கால் வீங்கும், மூச்சு முட்டும். அதுக்கு மேலயும் தவறினா என்ன நடக்கும் எண்டு டொக்டர் என்னயத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. அத நான் வீட்டுல திருப்பிச் சொல்லல்ல. அவக்குத் தெரியாது எண்டு நினைச்சிக்கிட்டு இருந்தன்.

வேன் புடிக்கலாந்தானே எண்டு கேக்காத ஆளில்ல. புடிச்சுப் பாத்தாச்சு. திரும்பி வரக்குள்ள அவக்கு வயித்தப் பிரட்டும், சத்தி எடுப்பா. பிறத்தி ஆம்பிளைக்கு முன்னால அப்பிடிக் கெடக்க அவக்கு வெக்கம். அதனால எண்ட பழைய ஜப்பான் கார்தான் கதி. அதுவும் எங்களப் போலதான், பாக்க ஒண்டும் தெரியாது, கொஞ்ச தூரம் போனாத்தான் வருத்தம் தெரியும். நுரைச்சோலை தாண்டுறதுக்குள்ள முள்ளு நடுவ விட்டு மேல ஏறத் தொடங்கிரும்.

ஏறினா முதல்ல ஏசிய நிப்பாட்டணும். அதுக்கும் அடங்காட்டி ஹீட்டரப் போடணும். ஓம், ஹீட்டர்தான். எஞ்சின்ட சூட்ட இழுத்து எங்கட மேல ஊதும், எஞ்சின் கொஞ்சம் ஆறும். கண்ணாடியெல்லாம் எறக்கி வெச்சாலும் வெளியில வெயில், உள்ள அடுப்பு. அவ ஈரத் துண்ட முகத்துல போட்டுக்கிட்டு சாஞ்சு கெடப்பா. "என்னய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறீங்களா, அவிச்செடுக்கப் போறீங்களா?" எண்டு துண்டுக்குள்ள இருந்து கேப்பா. நான் முள்ளப் பாத்துக்கிட்டே ஓட்டுவன்.

அதுக்கும் மேல போனா எங்கயாவது நிழல் பாத்து நிப்பாட்டி, பொனட்டத் தூக்கி வெச்சுட்டு நிக்கணும். உடனே ரேடியேட்டர் மூடியத் தொறந்தா முகத்துக்கு ஆவி அடிக்கும். ஒரு நாள் அவசரப்பட்டு எண்ட கை வெந்து, அந்தக் கையோட ஸ்டேரிங்கப் புடிச்சுக்கிட்டே மிச்சத் தூரம் போனன். ஆறினதும் பழைய சாரன் துணிய மூடியில வெச்சு மெல்லத் திருப்பி, போத்தல் போத்தலாத் தண்ணி ஊத்தணும். அவ கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு இருப்பா. கிட்னி தண்ணிய வெளியேத்தாததால அவக்கு ஒரு நாளைக்குக் குடிக்கக் குடுக்கிற தண்ணி ரெண்டு மூணு சின்னக் கோப்பைதான். "அதுக்காவது வயிறு நெறயக் குடுங்க," எண்டா ஒருக்கா. பகிடியாத்தான் சொன்னா. நான் அடுத்த போத்தல எடுத்தன்.

எங்கட பக்கத்துல கிணத்துத் தண்ணி குளிக்க, உடுப்புக் கழுவ. குடிக்க, தேத்தண்ணி போட எண்டா கேன்ல வாங்குற பில்டர் தண்ணிதான். சின்னப் புள்ளைக்கும் தெரிஞ்ச விசயம். கார் எந்தப் பக்கம் எண்டு நாங்க ஆரும் யோசிச்சதில்ல. உடுப்பு, வாளி, மோட்டர்சைக்கிள் எல்லாத்துக்கும் கிணறு, காருக்கும் கிணறு. மனிசன் வாயில வெக்க மாட்டாத தண்ணிய நான் வருசக் கணக்கா அதுட வயித்துல ஊத்திக்கிட்டு இருந்திருக்கன்.

கடைசியில பாலாவியில ரேடியேட்டர் ரிப்பேர் செய்ற ஒரு பாஸ் அதக் கழட்டி வெட்டிக் காட்டினாரு. சின்னச் சின்னக் குழாயெல்லாம் வெள்ளைப் பொருக்கு. தண்ணி போக வழியே இல்ல. வீட்டுல குளிக்கக் கிணத்துத் தண்ணி சுட வெக்கிற பானைக்குள்ள படியிற அதே சுண்ணாம்பு. சீ எண்டு போச்சு. புது ரேடியேட்டர் போட்டு, பச்சைக் கூலன்ட்டும் பில்டர் தண்ணியும் கலந்து ஊத்தி, மூடியும் மாத்தினன். வீட்டுக்கு வந்து அவட்ட, "இனிப் பயமில்ல, இன்ஷா அல்லாஹ் ஏசியப் போட்டுக்கிட்டே போகலாம்," எண்டன். "ம்," எண்டா.

அடுத்த தரம் போகக்குள்ள முள்ளு நடுவுல ஆணி அடிச்ச மாதிரி நிண்டுச்சு. நுரைச்சோலை போச்சு, பாலாவிச் சந்தி போச்சு, உப்பு வாய்க்காலும் போச்சு. ஏசி குளுகுளுண்டு ஊதுது. நான்தான் கதைச்சுக்கிட்டே வாறன், மாஷா அல்லாஹ் பாத்தியா, முள்ளப் பாத்தியா எண்டு. அவ கண்ணாடிப் பக்கம் திரும்பியே இருந்தா. ஆஸ்பத்திரி வாசல்ல நேரத்தோட நிப்பாட்டி, கதவத் தொறந்து கையக் குடுத்தன். அவ எறங்கல்ல.

"என்ன, தலையச் சுத்துதா?"

"இல்ல." மடியப் பாத்துக்கிட்டே சொன்னா: "நான் ஒவ்வொரு தரமும் துஆ கேட்டுக்கிட்டுத்தான் வாறது, இது வழியில நிண்டிரணும் எண்டு."

எனக்கு வெளங்கல்ல. "எதுக்கு?"

"எனக்கு ஏலா. அந்த மெசின், அந்த ஊசி, திரும்பி வந்து கெடக்கிற கெடை. எனக்குப் போதும். ஆனா நானா வேணாம் எண்டா அது பாவம். நீங்க கூட்டிக்கிட்டு வாறத நிப்பாட்டினா உங்களுக்குப் பாவம். கார் நிண்டா ஆருக்கும் பாவமில்லதானே. அல்லாட நாட்டம் எண்டு போயிரும்."

முதல்ல எனக்குக் கோபந்தான் வந்திச்சு. வெந்த கை, ரோட்டோரத்துல காஞ்ச நேரம், எல்லாம் மண்டைக்குள்ள ஏறிச்சு. நான் தண்ணி ஊத்த ஊத்த இவ பக்கத்துல இருந்து அது நிக்கட்டும் எண்டு கேட்டிருக்கா! கத்தணும் போல இருந்திச்சு. அவட முகத்தப் பாத்தன். அதுல கள்ளமும் இல்ல, பிடிவாதமும் இல்ல. களைச்சுப் போன ஒரு முகம். அத்தன தரம் கூட்டிக்கிட்டு வந்தும், ஏலுமா எண்டு நான் அவட்ட ஒரு நாளும் கேட்டதில்ல. அவட முகத்த அப்பதான் நான் ஒழுங்காப் பாக்கிறன்.

சூடான தார் எண்டும் பாக்காம கதவுக்குப் பக்கத்துல குந்தினன். பின்னால ஒரு த்ரீவீல்காரன் ஹோன் அடிச்சான், அடிச்சிட்டுப் போகட்டும்.

"இண்டைக்கு வந்தாச்சு," எண்டன். "இண்டைக்கு மட்டும் போ. ஏலாத நாளைக்கு எண்ட வாயப் பாத்து ஏலா எண்டு சொல்லு. பாவம் எண்டா அது ரெண்டு பேருக்கும் இருக்கட்டும். காருக்கிட்டக் கேக்காத."

"சொன்னா நிப்பாட்டுவீங்களா?"

ஓம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல. இல்ல எண்டும் வரல்ல. அவ எண்ட தோளப் புடிச்சு எழும்பி, முந்தானைய இழுத்துத் தலையில போட்டுக்கிட்டு, உள்ளுக்கு நடந்தா.