மூன்று வீட்டு வீரா

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் மாதப்பனைத் தெரிந்தவர்கள் நிறைய. அவரிடம் நின்று பேசியவர்கள் குறைவு. சிப்காட்டில் ஒரு போல்ட் நட்டு கம்பெனியின் வாசலில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். வெளியே போகிறவர்களின் பையையும் டிபன் பாக்ஸையும் திறந்து திறந்து பார்த்ததில், மனித குலத்தைப் பற்றி அவருக்கு ஒரு முடிவு ஏற்பட்டிருந்தது. எவனும் யோக்கியன் இல்லை. அதிலும் தலையாய அயோக்கியன் அவருடைய ஒரே மகன் ஹரீஷ்குமார்.

ஹரீஷ் கொலை ஏதும் செய்துவிடவில்லை. பெங்களூரில் வேலை. அவன் மனைவி பிரியாவின் அப்பா, கர்நாடகப் பக்கம் பெங்களூர் போகிற வழியில், சந்தாபுராவில் கட்டிய வீட்டில் மாடி காலியாக இருந்தது. குடிபோனான். ஓசூரில் பஸ் ஏறினால் ஒரு குட்டித் தூக்கம் முடிவதற்குள் வந்துவிடுகிற இடம்தான். மாதப்பனுக்கோ, மகன் எல்லை தாண்டி எதிரிப் படையில் சேர்ந்துவிட்ட மாதிரி.

"மாமனார் வூட்டு சோத்துக்குப் போயிட்டான்" என்று டீக்கடை வரை சொல்லிவைத்தார். அந்தத் திசையில் தலைவைத்துப் படுப்பதையும் விட்டார். மனைவி ருக்மணி மட்டும் மகனைப் பார்க்கப் போய் வருவாள். வந்தபின் ஒரு வாரம் அவளிடமும் முகம் கொடுக்க மாட்டார். சாப்பாட்டுக்கு மட்டும் வாய் திறக்கும்.

அந்தக் கோபக் காலத்தில்தான் கால்நடைப் பண்ணைச் சுவரோரம் கிடந்த ஒரு செவலைக் குட்டியைத் தூக்கி வந்தார். வீரா என்று பெயர் வைத்தார். கழுத்துக்குச் சிவப்புப் பட்டை வாங்கிக் கட்டினார். அவர் டூட்டிக்குக் கிளம்பினால் கேட் வரை வரும். திரும்பி வந்தால் வாலோடு சேர்த்து இடுப்பையும் ஆட்டும். போதாதா?

"பெத்தது நன்றி கெட்டுப் போச்சு. வளத்தது பாரு, நான் வர்ற வரைக்கும் தட்டத் தொடாது" என்று பெருமை பேசினார்.

வீரா அவர் வந்த பிறகும் தட்டை அதிகம் தொடாது என்பதுதான் உண்மை. முகர்ந்து பார்க்கும், நாலு வாய் தின்னும், படுத்துக்கொள்ளும். ஆனால் உடம்பு மட்டும் சாக்குமூட்டை மாதிரி ஊதிக்கொண்டே போனது. தைராய்டாக இருக்குமோ என்று ருக்மணி சந்தேகப்பட்டாள். பாசத்தில் ஊதுகிறது என்றார் மாதப்பன்.

கம்பெனியில் ஷிப்ட் மாற்றினார்கள். அவருக்கு மதியத்துக்கு மேல் டூட்டி விழுந்ததால் காலை முழுக்க வீட்டில் இருந்தார். அப்போதுதான் கவனித்தார். வீரா சோம்பல் முறித்து எழுந்து, கேட்டின் இடுக்கில் வயிற்றை எக்கி நுழைந்து, ஆபீஸ் போகிற ஆள் மாதிரி நிதானமாகத் தெருவில் இறங்கியது. மாதப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். ஊரார் பையை எல்லாம் சோதித்தவருக்குத் தன் வீட்டு வாசலில் நடந்த கடத்தல் இத்தனை நாள் தெரியவில்லை.

பஸ் ஸ்டாப் அருகே ராமப்பனின் பஞ்சர் கடை. வீரா உரிமையோடு உள்ளே போனது. ராமப்பன் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு களி உருண்டையைப் பிட்டு வைத்தார்.

"பாரோ ராஜா, ஊட்டா மாடு" என்று கன்னடத்தில் சாப்பிடக் கூப்பிட்டார்.

"யோவ், இது என் நாய்யா. பேரு வீரா" என்றார் மாதப்பன், மூச்சிரைக்க.

"உங்க நாயா? நம்ம ராஜா சார் இவன். குட்டியிலருந்து நம்ம களி தின்னு வளந்தவன்."

"கழுத்துல பட்டை யார் கட்டினது?"

"ஓ, அது நீங்கதானா! எவனோ கட்டி உட்டுட்டான்னு நெனச்சன்."

வாய்ச்சண்டை முற்றியது. பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் வண்டியை மறந்துவிட்டுப் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தார்கள். இரண்டு பேரும் இரண்டு பக்கம் நின்று கூப்பிடுவது, நாய் யாரிடம் போகிறதோ அவருடையது என்று தீர்ப்பானது.

"வீரா! வாடா தங்கம்!" பல வருடமாக யாரையும் தங்கம் என்று சொல்லாத வாய் அது.

"ராஜா! பாரோ மகனே!"

வீரா இருவரையும் பார்த்தது. காதைச் சொறிந்தது. பிறகு நடுவாகப் புகுந்து ரோட்டைக் கடந்து, எதிரே மொபைல் கம்பெனிப் பெண்கள் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் போய் நின்று குரைத்தது. கதவு திறந்தது. மோகனப்ரியா என்கிற பெண் அவித்த முட்டையோடு வந்தாள்.

"புஜ்ஜிம்மா! இன்னிக்கு ஏன்டி செல்லம் லேட்டு?"

கடா மாதிரி இருந்த ஆண் நாய், புஜ்ஜிம்மா என்றதும் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. மாதப்பனும் ராமப்பனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராமப்பன்தான் முதலில் சிரித்தார். டீ சொன்னார்.

மாதப்பன் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "களவாணிப் பய, மூணு வூட்லயும் மூணு பேரு! ஆனா ராவானா நம்ம வாசலுக்குத்தான் வந்து படுக்குது பாத்தியா?"

ருக்மணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நாய் மூணு வூட்ல தின்னா சிரிப்பு வருது. பெத்த புள்ள ரெண்டு வூட்ல தின்னா மட்டும் துரோகமாங்க?"

மாதப்பன் டூட்டிக்கு நேரமாகிறது என்றார். ஆகவில்லை. அன்று வாசலில் யார் பையையும் அவர் சரியாகச் சோதிக்கவில்லை. யாராவது ஒரு மூட்டை போல்ட்டைக் கொண்டுபோயிருந்தாலும் ஆச்சரியமில்லை.

அடுத்த ஞாயிறு, காரணம் எதுவும் சொல்லாமல் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "கெளம்பு" என்றார். சந்தாபுராவில் கதவைத் திறந்த ஹரீஷுக்கு வாய் மூடவில்லை.

"அப்பா? யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?"

"ஏன், யாராச்சும் செத்தாத்தான் உன் வூட்டுக்கு வரணுமா?"

உன் வீடு என்று சொல்லிவிட்டார். அது தானாக வந்த வார்த்தை. பிரியா பேச்சு வளர்க்காமல் இலை போட்டாள். சம்பந்தி பரமசிவம் பக்கத்தில் உட்கார்ந்து கறியை அவர் இலையில் அள்ளி அள்ளி வைத்தார். கோபித்துக்கொள்ளலாம் என்று வந்த இடத்தில் குழம்பு நன்றாக இருந்தது. மாதப்பன் மூன்றாவது முறை சோறு வாங்கினார். கை கழுவும்போது ஹரீஷ் துண்டோடு நின்றான். அதை வாங்கிக்கொண்டு, "எளச்சுட்ட" என்றார். ஹரீஷ் இளைக்கவில்லை, தொப்பை போட்டிருந்தான். இருவருக்கும் அது தெரியும்.

சாயங்காலம் பரமசிவம், தங்கிவிட்டுப் போகச் சொல்லி வற்புறுத்தினார். மாதப்பனுக்கும் ஆசைதான். ஆனாலும் உடனே சரி என்றால் மரியாதை என்ன ஆவது?

"இல்ல சம்பந்தி, நாய்க்கு சோறு வெக்கணும். பாவம், நான் இல்லன்னா பட்டினி கெடக்கும்."

ருக்மணி உள்ளேயிருந்து பாயை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டாள்.

"பேசாம படுங்க."