செய்தித் திரை சிவந்த காலை

“இத்தினி வர்சமா நீலமா நல்லாதானே கீது. நீ கை வெச்சி இன்னாத்த கிழிக்கப்போற?” என்று அம்மா கேட்டாள்.

நான் வேலை செய்யும் செய்தித் தொலைக்காட்சியின் தோற்றத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பு எனக்கு வந்திருந்தது. முத்திரை, செய்தி ஓடும் பட்டை, பின்னணி எல்லாம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. நீலத்தைத் தூக்கிவிட்டுத் திரை முழுவதையும் சிவப்பாக்கினேன். என்ன நிறம், என்றைக்கு மாறும் என்று அம்மாவிடம் சொல்லவில்லை.

எண்ணூரில் எங்கள் வீடு கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையை ஒட்டியது. அந்த இரைச்சலில் டிவி பேசுவது காதில் விழாது. அம்மாவுக்கு எழுத்தும் தெரியாது. நிறம்தான் அவளுக்குச் செய்தி. நீலத் திரையில் சிவப்புப் பட்டை வந்தால் ஆபத்து. முன்பு ஓர் ஆலையில் வாயு கசிந்தபோது அதைப் பார்த்துத்தான் தெருவையே வெளியேற்றினாள். எனக்குத் தெரிந்த கதைதான். வரையும்போது நினைவுக்கு வரவில்லை.

காலை ஏழு மணிக்குப் புதிய தோற்றம் ஒளிபரப்பானது. அலுவலகத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார்.

“இன்னாடி, கேஸ் வுட்டுட்டானுங்களா? டிவி பூரா செவப்பா கீதுன்னு ஒங்கம்மா மூஞ்சில ஈரத்துணி கட்டிகினு ஓடுது. அது பின்னாலயே பத்துப் பேரு!”

“ஐயோ அக்கா, ஒண்ணுமில்ல. கலர மாத்திகீறோம், அவ்ளோதான். அம்மாவ நிறுத்துக்கா!”

“எங்க நிறுத்துறது? ரோட்ட தாண்டிகினு கீது!”

இணைப்பு அறுந்தது. அம்மாவுக்கு வீசிங் உண்டு. அந்தச் சாலையில் லாரிகள் யாருக்காகவும் நிற்பதில்லை. திரும்பத் திரும்ப அழைத்தேன். அக்கா எடுக்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து அம்மாவே அக்காவின் போனில் பேசினாள். மூச்சு இழுத்தது.

“பேஜாரு பண்ணிட்டியே. ஊரே என்ன பாத்து சிரிக்குது.”

“உனுக்கு ஒண்ணும் ஆவலயேம்மா?”

“நான் கீறேன். நாளிக்கு நெசமாவே கேஸ் வந்தா எத்தப் பாத்து ஓடுறது? நான் கூப்ட்டாதான் எவ வருவா?”

போனை வைத்துவிட்டு நேராக மேலதிகாரியின் அறைக்குப் போனேன்.

நடந்ததைச் சொல்லி, பழைய நீலத்தையே போடலாம் என்றேன். “எல்லாரும் பாராட்டுறாங்க. ஒரு வாரம் சும்மா இரு,” என்றார். ஒரு வாரத்தில் எங்கள் தெருவுக்குச் சிவப்பு பழகிவிடும். பிறகு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

அவரைத் தாண்டி, தொலைக்காட்சியின் தலைமைச் செய்தி ஆசிரியருக்கு நேராக எழுதினேன். மறுநாள் காலை பத்து மணிக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது. அன்று மாலையே வரவேற்பு மேசைக்குப் போய் அம்மாவும் என்னோடு உள்ளே வர அவள் பெயரில் ஓர் அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டேன்.